பழைய ஆர்.எக்ஸ். 100: கியர்பாக்ஸைத் திரும்பச் சேர்க்கும் முழு வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவது வளைவில் இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். என் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் திடீரென்று வெறும் இன்ஜினாக அலறியது. கியர் தானாகக் கழன்றுகொண்டுவிட்டது. பின்னால் பஸ், ஒரு பக்கம் பாறை. திரும்ப மிதித்தேன், விழுந்தது. பத்தாவது வளைவில் மறுபடி அதே கதை. சரி, இன்றைக்கு மலை வேண்டாம் என்று வண்டியைத் திருப்பி, கோரிமேட்டில் வீட்டுக் கொட்டகைக்கே வந்து சேர்ந்தேன்.

இதற்கு நான்கு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் இன்ஜினை இறக்கி 'ஃபுல் வேலை' செய்து வாங்கியிருந்தேன். பிரித்துப் பார்த்தால், கியரை அதன் இடத்தில் நிறுத்தும் வாய் திறந்த வளையமான சர்க்ளிப் ஒன்று வாய் விரிந்து, ஷாஃப்ட்டின் பள்ளத்தில் பாதியும் வெளியில் பாதியுமாக நின்றது. அதை ஒட்டி இருக்க வேண்டிய வாஷர் இல்லவே இல்லை. கியர் போக வேண்டிய தூரத்தைத் தாண்டி நகர்ந்து, பக்கத்துக் கியரைப் பிடிக்கும் கொம்புகள் நுனியில் மட்டும் மாட்டி மாட்டி மழுங்கிப் போயிருந்தன. சில ரூபாய் பொருளால் ஒரு ஜோடி கியர் போயிற்று. அன்றிலிருந்து கியர்பாக்ஸை மட்டும் நானே சேர்க்கிறேன். நண்பர்களுடையது, அவர்களுடைய நண்பர்களுடையது என்று கொட்டகைக்கு வருவதும் கூடிவிட்டது.

ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டில் 1985-ல் வந்து 1996-ல் நின்றது. 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சிசி, 11 குதிரைத்திறன், நான்கு கியர். கடைசியாக வந்த வண்டிக்கே சுமார் முப்பது வயது. கீழே சொல்வது இந்த வண்டியை வைத்துத்தான். ஆனால் அந்தக் காலத்து மற்ற 100 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் கியர்பாக்ஸும் இதே தத்துவம்தான். வாஷர் கணக்கும் அளவுகளும் மட்டும் மாறும்.

பிரிக்கும்போதே செய்ய வேண்டியது

சேர்க்கும் வேலை பிரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இன்ஜினை இறக்கி, ஹெட், சிலிண்டர், மேக்னட், கிளட்ச் எல்லாம் கழற்றியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். கேஸை, அதாவது இரண்டு பாதியாக இருக்கும் இன்ஜின் கூட்டை, பிளக்கும் முன் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் கேஸின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்க்ரூக்கள் நீளம் மாறி மாறி இருக்கும். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் அலுமினியம் பிளக்கும். பழைய ஸ்க்ரூ தலைகள் சாதா திருப்புளிக்கு நசுங்கும். இம்பாக்ட் டிரைவரும் சுத்தியும்தான் வழி.

இரண்டு பாதியையும் பிரிக்கத் திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறல் ஆயுசு முழுக்க ஆயில் கசியும். கேஸின் ஓரங்களில் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டித் தட்டியோ, புல்லர் வைத்தோதான் எடுக்க வேண்டும். பிரிந்தவுடன் முதலில் எதிர்ப்பாதியின் பேரிங் முகங்களைப் பாருங்கள். ஷாஃப்ட் நுனியில் இருந்த மெல்லிய வாஷர் ஆயிலில் ஒட்டி அங்கே போயிருக்கும். டீசலில் கழுவும்போது அது தட்டோடு போய்விடும். என் வண்டியில் காணாமல் போன வாஷரும் இப்படித்தான் போயிருக்கும் என்பது என் ஊகம்.

ஷாஃப்ட்டுகளை உருவும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். ஆனால் படத்தை முழுதாக நம்பாதீர்கள். உங்களுக்கு முன் சேர்த்தவர் தப்பாகச் சேர்த்திருந்தால், உங்கள் படமும் அந்தத் தப்பையேதான் காட்டும். அதனால்தான் அடுத்த பகுதி.

எட்டு கியர், நான்கு ஜோடி

இந்தப் பெட்டியில் கியர் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதே கிடையாது. எல்லா ஜோடியும் எப்போதும் கடித்துக்கொண்டேதான் சுற்றுகின்றன. பிறகு எப்படிக் கியர் மாறுகிறது? கிளட்சோடு சேர்ந்தது ஒரு ஷாஃப்ட், செயினை இழுக்கும் முன் ஸ்பிராக்கெட்டைச் சுமப்பது இன்னொன்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கியர் தன் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும். மற்றது தன் ஷாஃப்ட் மேல் சும்மா சுழலும். சும்மா சுழலும் கியரைப் பக்கத்துக் கியர் நகர்ந்து வந்து தன் கொம்புகளால் பிடித்துக்கொண்டால், அந்த ஜோடி வேலை செய்யத் தொடங்குகிறது. இந்தக் கொம்புகளைத்தான் டாக் என்பார்கள். நகரும் கியரின் இடுப்பில் ஒரு பள்ளம் இருக்கும். கவை போன்ற ஃபோர்க் அதில் உட்கார்ந்து கியரை இப்படியும் அப்படியும் தள்ளும்.

இதைப் புரிந்துகொண்டால் படமே தேவையில்லை. ஒரு செய்தித்தாளை விரித்து, இரண்டு ஷாஃப்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்து, எட்டுக் கியரையும் பரப்புங்கள். கிளட்ச் ஷாஃப்ட்டின் மிகச் சிறிய கியருக்கு எதிரே ஸ்பிராக்கெட் ஷாஃப்ட்டின் மிகப் பெரிய கியர்: அது முதல் கியர். இந்தச் சிறியது பெரும்பாலும் ஷாஃப்ட்டோடு சேர்த்தே வெட்டப்பட்டிருக்கும், தனியாக வராது. அங்கிருந்து பற்களின் எண்ணிக்கையை வைத்து இரண்டு, மூன்று, நான்கு என்று ஜோடி சேருங்கள். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் பார்த்துக் கேளுங்கள்: யார் கட்டுண்டவர், யார் சும்மா சுழல்பவர்? இரண்டும் கட்டுண்டிருந்தால் பெட்டி இறுகிப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் சும்மா சுழன்றால் அந்தக் கியர் வேலையே செய்யாது. அப்புறம், ஃபோர்க் பள்ளம் உள்ள கியர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அங்கே கொம்பைச் செருக ஓர் ஓட்டையோ எதிர்க்கொம்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கியரைத் திருப்பிப் போட்டிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எனக்கு இந்த வேலையில் பாதி நேரம் செய்தித்தாள் மேல்தான் போகிறது. மீதியெல்லாம் முறுக்குவதும் துடைப்பதும்தான்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது

கொம்புகளின் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல கொம்பின் ஓரம் கோடு போட்டதுபோல் இருக்கும். தேய்ந்தது பளபளவென்று உருண்டிருக்கும். விரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுங்கள். மாட்டினால் நல்லது, வழுக்கினால் அந்தக் கியர் சுமை ஏறும்போது கழலும். சமவெளியில் ஓமலூர் வரைக்கும் ஒன்றும் தெரியாது. மலையில் முதல் ஐந்து வளைவுக்குள் தெரிந்துவிடும். கொம்பு தேய்ந்தால் அது செருகும் ஓட்டையும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்குவதானால், ஒன்றோடொன்று ஓடிய ஜோடியாகவே வாங்குங்கள். புதுக் கியரும் பழைய கியரும் கடித்தால் ஊளையிடும்.

ஃபோர்க்கைப் பாருங்கள். நுனி நீலம் பாரித்திருந்தால் சூட்டில் வெந்தது, தூக்கிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது. தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஃபோர்க்கில் உள்ள சின்ன முளை, அதாவது பின், டிரம்மின் பள்ளத்தில் ஓடுகிறது. கியர் லிவரை மிதித்தால் திரும்பி ஃபோர்க்குகளை நகர்த்தும் உருளைதான் டிரம். பள்ளத்தின் திருப்பங்களில் குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பின்னைப் பூட்டும் காட்டர் பின் இருந்தால் அதைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

பேரிங்கை டீசலில் அலசி, காய வைத்து, ஒரு சொட்டு ஆயில் விட்டுக் கையால் சுற்றுங்கள். காற்றடித்துச் சுழல விடாதீர்கள், ஆயில் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் நல்ல பேரிங்கும் கெடும். மணல் அரைப்பதுபோல் விரலுக்குத் தெரிந்தால் மாற்றுங்கள். இன்ஜினை இறக்கிய கூலியைக் கணக்குப் பார்த்தால் எல்லா பேரிங்கும் எல்லா ஆயில் சீலும் மாற்றிவிடுவதுதான் மலிவு. சர்க்ளிப்புக்கு யோசனையே வேண்டாம்: ஒரு முறை கழற்றியது குப்பைக்கு.

தோசைக்கல் வேலை

பேரிங்கைச் சுத்தியால் அடித்து இறக்குவது நம் ஊர்ப் பழக்கம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதைப் பயன்படுத்திக்கொண்டால் அடிக்கவே வேண்டாம். புது பேரிங்குகளை முந்தின இரவே பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீஸரில் வையுங்கள். கேஸைச் சுத்தமாகக் கழுவி, பழைய சீல்களை எடுத்துவிட்டு, ஒரு கனமான பழைய தோசைக்கல்லில் படுக்க வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தோசைக்குப் பார்க்கும் அதே பதம்: சொட்டு 'சுர்' என்று துள்ளி ஓடினால் போதும். பேரிங்கை நேராகப் பிடித்து விடுங்கள். 'டக்' என்று தானாக உட்காரும். கோணலாக நின்றுவிட்டால் அடிக்காதீர்கள், எடுத்துவிட்டு மறுபடி சூடேற்றுங்கள். தட்டியே ஆக வேண்டுமென்றால் வெளி வளையத்துக்குச் சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனரை வைத்துத் தட்டுங்கள். உள் வளையத்தில் விழும் அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி போட்டுவிடும்.

வீட்டுச் சமையலறைத் தோசைக்கல்லை எடுக்க வேண்டாம். நான் ஒரு முறை எடுத்தேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கேஸ் ஆறிய பிறகு ஆயில் சீல். உதடு, அதாவது சுருள் கம்பி தெரியும் பக்கம், ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பிஸ்டன் சுற்றும் தண்டான கிராங்கின் இரண்டு சீலும் இந்த இன்ஜினுக்கு உயிர். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் போய் எரியும். சைலன்ஸர் வெள்ளையாகப் புகைக்கும், கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும்.

சர்க்ளிப்பின் முகம்

ஷாஃப்ட்டைச் சேர்க்கும்போது ஒவ்வொரு கியரின் உட்புறத்துக்கும் சுத்தமான ஆயில் தடவித்தான் ஏற்ற வேண்டும். சும்மா சுழலும் கியருக்குப் பக்கத்தில் வாஷர், வாஷருக்குப் பக்கத்தில் சர்க்ளிப் என்பதுதான் வழக்கமான வரிசை. சர்க்ளிப் நேராகக் கியரை உரசக் கூடாது.

புது சர்க்ளிப்பைக் கையில் எடுத்து, விளிம்பை விரல் நுனியால் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். தகட்டிலிருந்து அச்சால் வெட்டியது என்பதால் ஒரு முகத்தின் விளிம்பு லேசாக உருண்டிருக்கும், மற்ற முகம் கூராக விரலைக் கீறும். உருண்ட முகம் வாஷரையும் கியரையும் பார்க்க வேண்டும். கூர்முகம் அந்தப் பக்கம். கியர் தள்ளும்போது கூர் விளிம்பு பள்ளத்தின் சுவரில் நறுக்கென்று பிடித்து நிற்கும். திருப்பிப் போட்டால் உருண்ட விளிம்பு சுவரில் ஏறி வழுக்கும், சர்க்ளிப் மெல்ல மெல்ல வெளியே வரும். என் இரண்டாம் கியர் போன வழி இதுதான்.

விரிக்கும்போது ஷாஃப்ட் நுழையும் அளவுக்கு மட்டும் விரியுங்கள். கூடுதலாக விரித்தால் அது பழைய வட்டத்துக்குத் திரும்பாது. உட்கார்ந்தபின் அதன் வாய் ஷாஃப்ட்டில் நீளவாக்கில் ஓடும் வரிகளில் ஒரு பள்ளத்துக்கு நேராக வரட்டும். இரண்டு நுனியும் பக்கத்து மேடுகள் மேல் தாங்கி நிற்க வேண்டும். பிறகு பள்ளத்துக்குள்ளேயே அதைச் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று நகர்ந்தால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் என் சொந்தக்காரர் ஒருவர் ஒரு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பட்டறையிலிருந்து ஒரு பழைய கண்ணாடி லென்ஸைக் கொண்டுவந்து தந்தார். "கண்ணுல பார்க்காம எதையும் மூடாதீங்க மாமா" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு சர்க்ளிப்பையும் லென்ஸில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கியரை ஏற்றுகிறேன்.

ஷாஃப்ட் முழுதும் சேர்ந்ததும், சும்மா சுழல வேண்டிய கியர்களை ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். தயங்காமல் சுற்ற வேண்டும், நூலளவு முன்பின் அசைய வேண்டும். நகரும் கியர் தன் எடையாலேயே வழுக்கிப் போக வேண்டும்.

கேஸுக்குள் இறக்குவது

ஷாஃப்ட்டுகள் பிரிக்கும்போது எந்தப் பாதியில் தங்கியிருந்தனவோ அந்தப் பாதியைக் கீழே வையுங்கள். தரையில் வைத்தால் ஷாஃப்ட் நுனிக்கு இடம் இருக்காது. என் இன்ஜின் ஸ்டாண்ட் ஒரு மாம்பழப் பெட்டி; அடிப்பலகையில் இரண்டை எடுத்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டால் கேஸ் ஆடாமல் நிற்கும்.

கிராங்கை முதலில் ஏற்றுங்கள். இழுத்துத்தான் ஏற்ற வேண்டும், அடிக்கக் கூடாது. இந்தக் கிராங்க் துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. ஓர் அடி விழுந்தால் மையம் விலகி வண்டி ஆயுசுக்கும் அதிரும். கருவி இல்லையென்றால் இந்த ஒரு வேலையை லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை.

கியர்பாக்ஸுக்கு வருவோம். இரண்டு ஷாஃப்ட்டையும் பற்கள் கடித்தபடி ஒன்றாகச் சேர்த்து, ஒரு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஃபோர்க்குகளை அவரவர் பள்ளத்தில் உட்கார வைத்து, டிரம்மையும் சேர்த்து, மொத்தக் கட்டையும் ஒரே மூச்சில் நேராக இறக்குங்கள். ஒவ்வொன்றாக இறக்கினால் கடைசியில் ஒன்று நுழையாது. ஷாஃப்ட் நுனி வாஷர்களைக் கிரீஸ் வைத்து ஒட்டிவிடுங்கள். சீல் வழியாகப் போகும் வரிகளில் மெல்லிய பிளாஸ்டிக் டேப் சுற்றினால் உதடு கிழியாது. இறக்கியதும் ரப்பர் பேண்டை வெட்டி எடுங்கள். சிரிக்காதீர்கள், அதை உள்ளேயே விட்டு மூடியவர்களும் உண்டு.

இப்போது மூடாமலே கியர் போட்டுப் பாருங்கள். ஒரு கையால் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே மறு கையால் டிரம்மைத் திருப்புங்கள். ஷாஃப்ட் சுற்றாமல் டிரம்மை மட்டும் திருப்பினால் கொம்புக்கு நேராகக் கொம்பு வந்து முட்டி நிற்கும், அது தப்பில்லை. நியூட்ரலில் ஒரு ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுற்ற முடிய வேண்டும். கியர் ஏற ஏற ஸ்பிராக்கெட் ஷாஃப்ட் வேகமாகச் சுற்ற வேண்டும்.

மூடுவது

கேஸின் இரண்டு முகத்தையும் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். கடையில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் நூல் விடும், கடைசித் துடைப்புக்கு அது வேண்டாம். வழிகாட்டிப் பின்கள் நேராக நிற்கின்றனவா பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும், விரலால் தேய்த்த பூச்சாக அனபாண்ட் என்னும் கசிவடைக்கும் பசையைப் போடுங்கள். கிராங்க் அறையைச் சுற்றி ஓரிடம்கூட விடக் கூடாது, அங்கே காற்றுக் கசிந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். அதற்காகக் குழம்பாகவும் அப்ப வேண்டாம். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் போகும் ஓட்டையை அடைக்கும்.

மேல் பாதி கையழுத்தத்திலும் பிளாஸ்டிக் சுத்தியின் சின்னத் தட்டலிலும் இறங்க வேண்டும். கடைசி நாலைந்து மி.மீ. நின்றுவிட்டால் ஸ்க்ரூ போட்டு இழுக்காதீர்கள். வழிகாட்டிப் பின் சாய்ந்திருக்கும், இல்லை வாஷர் நழுவியிருக்கும், இல்லை டிரம்மின் நுனி ஓட்டைக்கு நேராக இல்லை. எடுத்துப் பாருங்கள். அம்மாபேட்டையில் நான் வேலை கற்றுக்கொண்ட அண்ணன் சொல்வார்: "பலம் கேக்குதுன்னா ஏதோ தப்பா இருக்குதுன்னு அர்த்தம் தம்பி." ஸ்க்ரூக்களை எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பாருங்கள். எந்தச் சுற்றில் இறுகுகிறதோ அங்கேயே நிறுத்துங்கள்.

வெளிப்பக்க வேலை

டிரம்மைத் தள்ளும் நகம் இரண்டு பக்கப் பின்களுக்கும் சம தூரத்தில் நிற்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மேலே போகும் கியர் விழும், கீழே வராது. கியர் லிவரைத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங் பழையதென்றால் மாற்றுங்கள். அது உடைந்தால் மிதித்த லிவர் மிதித்தபடியே கிடக்கும். டிரம்மை ஒவ்வொரு கியரிலும் பிடித்து நிறுத்தும் உருளைக் கைக்கும் அதே விதி.

கிளட்ச் பிளேட்டுகளை ஓர் இரவு கியர் ஆயிலில் ஊறப் போடுங்கள். இரும்புத் தகடுகளைக் கண்ணாடி மேல் வைத்துத் தட்டிப் பாருங்கள், ஆடினால் வளைந்தது. ஷாஃப்ட்டின் குழலுக்குள் போகும் தள்ளுகம்பியோடு ஒரு சின்ன இரும்புக் குண்டு உண்டு. இந்தக் குண்டை மறப்பது எல்லாருக்கும் ஒரு முறை நடக்கும். கேபிளை எவ்வளவு இழுத்தாலும் கிளட்ச் விடுபடாமல் போகும்போதுதான் நினைவு வரும். நடு நட்டின் மடக்கு வாஷரைப் புதிதாகப் போட்டு, மடக்கிவிட்டீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள்.

ஆயில், அப்புறம் மலை

2டி, அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயில் பெட்ரோலுக்கு, கியர் ஆயில் பெட்டிக்கு. மாற்றி ஊற்றாதீர்கள். வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் உள்ள கார் ஆயில் கிளட்சை நழுவ வைக்கும். ஒரு லிட்டர் டப்பாவை முழுக்கக் கவிழ்க்கவும் வேண்டாம், இந்தப் பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

முதல் ஓட்டம் சமவெளியில். ஒவ்வொரு கியரிலும் ஆக்ஸிலேட்டரைத் திருகி, விட்டு, மறுபடி திருகிப் பாருங்கள். சுமை இரண்டு பக்கமும் மாறும்போதும் கியர் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு மலை. இறங்கும்போது ஒரு விஷயம்: டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு 20 வளைவும் இறங்கினால் பிஸ்டன் காய்ந்துபோகும். நேர்ப்பாதைகளில் கொஞ்சம் திறந்து திறந்து விடுங்கள்.

300 கிலோமீட்டரில் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து, ஒரு காந்தத்தை அதில் ஓட்டுங்கள். மை போன்ற கறுப்புத் தூள் ஒட்டினால் புதுச் சாமான்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன, கவலை வேண்டாம். விரலில் குத்தும் சில்லு வந்தால் கொம்போ பல்லோ உடைந்திருக்கிறது. வளைந்த மெல்லிய கம்பித் துண்டு வந்தால் அது சர்க்ளிப். வண்டியை அன்றைக்கே நிறுத்தி, மாம்பழப் பெட்டியை எடுத்து வையுங்கள்.